சீதனத்தின் வழி: தேசவழமையின் முதற்பிரிவை மீண்டும் வாசித்தல்

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி, தந்தை இறந்தால் அவருடைய முதுசம் (பரம்பரைச் சொத்து) ஆண்மக்களைச் சேர்ந்தது. தாயின் சொத்து சீதனமாகப் பெண்மக்களிடம் போனது. இதற்கு எச்.டபிள்யூ. தம்பையா கூறிய காரணமே பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. மலையாளக் கரையிலிருந்து வந்து குடியேறியவர்களின் மருமக்கட்டாயம் (சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து செல்லும் முறை), சோழமண்டலக் கரையின் மக்கட்டாயத்தோடு (பெற்ற பிள்ளைகளுக்குச் செல்லும் முறை) கலந்ததன் எச்சமே பெண்வழிச் சீதனம் என்றார் அவர். சட்ட அறிஞராக அவருக்குள்ள இடம் பெரிது. ஆயினும் இந்த முடிவை நான் ஏற்கவில்லை.

மருமக்கட்டாயத்தின் ஆணிவேர் தாய்க்கும் மகளுக்குமான உறவு அல்ல, பிரிக்கப்படாத தறவாடு (தாய்வழிக் கூட்டுக்குடும்பம்). அதைக் காரணவர் (குடும்பத்தின் மூத்த ஆண்) நிர்வகித்தார். ஆணுக்கு வாரிசாக இருந்தவர்கள் அவன் சகோதரியின் பிள்ளைகள். தேசவழமையிலோ ஆணின் முதுசம் அவன் பெற்ற மகனுக்கே போகிறது. மருமகன் எங்கே? மட்டக்களப்பு முக்குவர் வழமையில் அவன் இருந்தான். அங்கே மலையாளத் தொடர்பைப் பேசுவது பொருந்தும். பிள்ளையில்லாமல் இறந்தவளின் சீதனம் சகோதரிகளுக்குச் செல்லும் விதி தம்பையாவுக்கு வலுவான சான்றுதான். ஆனால் பிள்ளையில்லாத ஆணின் முதுசம் சகோதரர்களுக்கே செல்கிறது, சகோதரியின் மகனுக்கு அல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது, ஆண்வழியும் பெண்வழியும் சமமாக ஓடிய ஒரு முறை. மருமக்கட்டாயத்தில் பாதியை வெட்டி எடுத்தால் இது கிடைக்காது.

தேசவழமை நூலின் முதற்பிரிவில் ஒரு பகுதியை இங்கே ஊன்றி வாசிக்க வேண்டும். 1707இல் யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தத் திசாவை (ஆட்சி அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் சரிபார்த்த நூல் இது. பழைய முறையைச் சொன்ன கையோடு, போர்த்துக்கேயர் காலத்தில், குறிப்பாகப் பிலிப் மஸ்கரேனஸ் தலைமையில் ஆட்சி நடந்தபோது, வழக்கம் மாறியது என்கிறது. அதன்பின் சீதனம் தாயின் சொத்திலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. தந்தையின் முதுசம், தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டிய சொத்து) எதிலிருந்தும் கொடுக்கலாம். மஸ்கரேனஸ் 1630–31இலும் 1640–45இலும் இலங்கையின் கப்பித்தான் ஜெனரலாக இருந்தார். எந்தக் காலம் என்று நூல் சொல்லவில்லை. முதியோரின் நினைவு வெறும் அடையாளத்துக்காக அவர் பெயரைப் பற்றிக்கொண்டிருக்கவும் கூடும். ஆண்டை முடிவுசெய்ய நான் துணியமாட்டேன்.

மாற்றத்தின் தன்மையைப் பற்றித் துணிந்து சொல்வேன். அதுவரை மகளின் உரிமைக்கு ஆதாரம் அவள் தாய். அதன்பின் ஆதாரம் சீதன ஓலை. ஓலையில் எழுதிய காணியைப் பத்து ஆண்டுகளுக்குள் கைக்கொள்ளாவிட்டால் உரிமை போய்விடும் என்ற விதி, தாய்வழியை விட்டு எழுத்தையும் காணி ஆட்சியையும் நம்பத் தொடங்கிய சமூகத்துக்கே தேவைப்படும். சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில், சகோதரர்களோ சீதனம் பெறாத சகோதரிகளோ இருக்கும்வரை, பங்கு கேட்க முடியாததற்கும் இதுவே காரணம்: ஓலையோடு அவள் கணக்குத் தீர்ந்துவிட்டது. சான்று மெலிந்த இடம் இது. எனினும் குடியேற்றக் கதையைவிட இவ்விளக்கம் நூலின் சொற்களுக்கு நெருக்கமானது.

பிற்காலத்தில் தேசவழமையைத் திருத்திய 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1947இன் திருத்தமும் சீதனத்தைவிடத் தேடியதேட்டத்தையே பெரிதும் மாற்றின. இறந்தவரின் தேடியதேட்டத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்கும் மறுபாதி வாரிசுகளுக்கும் என்று 1947இல் ஆனது.

பழைய சீதன ஓலைகளை வைத்திருப்போர் அவற்றை எறிந்துவிடாமல், வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிப் படியெடுத்து வைக்க வேண்டும். தாயின் காணியா தந்தையின் காணியா என்று அவற்றில் எழுதியிருக்கும் ஒரு வரி தம்பையாவின் கூற்றையும் என் கூற்றையும் சோதிக்கப் போதும்.