பறவை வாலால் இறங்குகிறது

அந்தலுஸின் அறிவியல் சிறப்பைப் பேசும் மேடைகளில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸின் பெயர் தவறாமல் ஒலிக்கிறது. மனிதருள் முதலில் பறந்தவர் அவரே என்று பெருமிதத்துடன் கூறி, அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறோம். அவர் எவ்வாறு இறங்கினார் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் மூல நூல் தரும் செய்தியில் பெருமதிப்புடையது அந்தப் பகுதியேயாகும்.

ருந்தா நகரைச் சார்ந்த இப்னு ஃபிர்னாஸ் (மறைவு: ஹி. 274 / கி.பி. 887) குர்துபாவின் அரசவைக் கவிஞர், யாப்பிலக்கணம் கற்பித்தவர், கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறையைக் கண்டவர், தம் இல்லத்தில் விண்மீன்களும் மேகமும் மின்னலும் தோன்றுமாறு வானத்தின் மாதிரியை அமைத்தவர். உடலில் இறகுகளைப் போர்த்தி, இரு சிறகுகளைப் பூட்டி அவர் பறந்த செய்தியை அல்-மக்கரீ (மறைவு: ஹி. 1041 / கி.பி. 1632) தமது ‘நஃப்ஹுத் தீப்’ நூலில் பதிவு செய்கிறார்.

நிகழ்ச்சிக்கும் இந்நூலுக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேலான இடைவெளி உண்டு. எனினும் இப்னு ஃபிர்னாஸின் காலத்தவரான முஃமின் இப்னு ஸயீத் இப்பறத்தலைக் குறித்துப் பாடிய கவிதையடியையும் அல்-மக்கரீ காட்டுகிறார். அவர் இப்னு ஃபிர்னாஸை எள்ளிப் பாடிய கவிஞர். புகழ்வதற்காக ஒன்றைப் புனைய வேண்டிய தேவை அவருக்கில்லை. ஆகவே இச்செய்தியை வெறுங்கதையெனத் தள்ளுவதற்கில்லை. அவரே முதலாமவர் என்று அறுதியிடுவதற்கும் இது போதாது.

அவர் நெடுந்தொலைவு பறந்தார். ஆனால் இறங்குவதில் பிழைபட்டு முதுகில் அடிபட்டார் என்கிறது அந்நூல். காரணத்தையும் அதுவே கூறுகிறது: பறவை தன் ‘ஸிமிக்’கின் மீதே இறங்குகிறது என்பதை அவர் அறியவில்லை, வால் அமைக்கவுமில்லை. ‘ஸிமிக்’ என்பது பறவையின் வால் முளைக்கும் அடிப்பகுதி. பழியை விதியின் மீதோ காற்றின் மீதோ போடாமல், கருவியின் குறையைச் சுட்டும் விபத்தாய்வு இது.

இக்காரணம் இன்றும் பொருளுடையது. இறங்கும் பறவை வாலை விரித்துத் தாழ்த்தி, உடலை நிமிர்த்தி, வேகத்தைத் தணிக்கிறது. விமானியும் தரைக்குச் சற்று மேலே, வாற்பகுதியின் அசையும் தகட்டைக் கொண்டு முகப்பை மெல்ல உயர்த்துகிறார். உயர்த்தத் தாமதித்தால் சக்கரங்கள் தரையில் மோதும். உரிய உயரத்திற்கு முன்பே மிகுதியாக உயர்த்தினால் வேகம் குன்றி, இறக்கைகள் தூக்கும் ஆற்றலை இழந்து, விமானம் கல்லைப்போல் விழும்.

அல்ட்ராலைட் எனப்படும் மிக இலகுவான விமானங்களில் இந்த இடைவெளி இன்னும் குறுகியது. 1982ஆம் ஆண்டு அமெரிக்க விதியின்படி, இயந்திரம் பூட்டிய இத்தகைய விமானத்தின் வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருத்தல் வேண்டும். எடை குறைவாதலால் இயந்திர விசையைக் குறைத்தவுடன் வேகம் விரைந்து வீழ்கிறது. சிறு விமானத்தளங்களில் ஓடுபாதை குறுகியது. ஓரத்து மரங்களும் கொட்டகைகளும் காற்றைக் குலைக்கின்றன. எதிர்க்காற்று தரையருகே தளர்வதாலும் இறக்கை மீது பாயும் காற்றின் வேகம் திடீரெனக் குறைகிறது. வாலே இல்லாத வகைகளும் உண்டு. அவற்றில் பின்னோக்கிச் சாய்ந்து முறுக்கமைந்த இறக்கையே வாலின் பணியைச் செய்கிறது. வாலை விடலாம், அதன் பணியை விட முடியாது.

இங்கிலாந்தின் மாம்ஸ்பரி மடத்துத் துறவி எய்ல்மர் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறகு கட்டிக் குதித்து, சுமார் 200 மீட்டர் பறந்து, இரு கால்களையும் முறித்துக்கொண்டார். வால் வைக்க மறந்ததே காரணம் என்று அவரே கூறியதாக அம்மடத்து வரலாற்றாசிரியர் வில்லியம் எழுதுகிறார். அரபியும் லத்தீனும் தனித்தனியே ஒரே பாடத்தைக் காத்து வைத்துள்ளன.

கி.பி. 1000ஐ ஒட்டி, ‘அஸ்-ஸிஹாஹ்’ அகராதியைத் தந்த அல்-ஜவ்ஹரீ நைஸாபூரில் பள்ளிவாசலின் கூரையிலிருந்து பறக்க முயன்று விழுந்து உயிர்நீத்தார். அவரது மரணத்தை வரலாறு எழுதியது; வீழ்ச்சியின் காரணத்தை ஆராய்ந்து எழுதவில்லை. குர்துபாவின் செய்தி அவ்வகையில் வேறுபட்டது.

சந்திரனில் ஒரு பெருங்குழி இப்னு ஃபிர்னாஸின் பெயரைத் தாங்குகிறது. 2011இல் குர்துபாவில் ஒரு பாலத்திற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. நாம் அவருக்குச் செய்யத்தக்க சிறப்பு எளியது: அவர் பறந்ததைச் சொல்லும்போது விழுந்ததையும், விழுந்ததன் காரணத்தையும் சேர்த்துச் சொல்வோம். முன்னோர் மறைக்காமல் எழுதியதை நாம் மறைப்பது அவர்களுக்குப் பெருமை சேர்க்காது.