குன்னூர் ஆய்வு நல்கைகள்

நீலகிரி மாவட்டம் குன்னூரில், சிம்ஸ் பூங்காவை அடுத்துள்ள பாஸ்டர் நிறுவன வளாகத்தில் 1907 முதல் நடந்த மருத்துவ ஆய்வுகளுக்குக் கிடைத்த நிதியுதவிகளை இத்தலைப்பு குறிக்கும். தனியார் கொடை, அரசுப் பணம், ஆய்வு மன்றத்தின் திட்ட நல்கை, பன்னாட்டு அமைப்புகளின் உதவி ஆகிய நான்கும் இங்கு வந்து சேர்ந்தன. இடமும் கட்டடமும் ஒரு நிறுவனத்துடையவை, ஆய்வுச் செலவு வேறோர் அமைப்புடையது என்னும் கூட்டுமுறை இங்குத் தொடக்கத்திலேயே காலூன்றியது. காசநோய், மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஆகியவை பற்றிப் பின்னாளில் தமிழ்நாட்டில் நடந்த கூட்டாய்வுகளும் இதே முறையில் நிதி பெற்றன.

கொடையில் பிறந்த நிறுவனம்

1900-இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்கான பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. அச்சிகிச்சை தேடிய தென்னிந்தியர் நாட்டின் மறுகோடிக்குப் பயணப்பட வேண்டியிருந்தது. 1902-இல் ஓர் இளம் ஆங்கிலப் பெண் இந்நோயால் இறந்தது தெற்கிலும் ஒரு நிறுவனம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுவூட்டியது. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் வழங்கிய பெருங்கொடையின் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டது. பீகாரின் பூசா வேளாண் ஆய்வு நிலையமும் அதே கொடையில் எழுந்ததுதான். தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் 1907 ஏப்ரல் 6 அன்று செயல்படத் தொடங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-இலேயே குன்னூரை எட்டியிருந்ததால், சமவெளியிலிருந்து நோயாளிகள் வந்து சேர வழியிருந்தது.

திட்ட நல்கையின் தொடக்கம்

1911-இல் இந்திய ஆய்வு நிதிச் சங்கம் உருவானது. 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் எனப் பெயர் மாறிய அமைப்பு இதுவே. ஒரு நோயைப் பற்றிய ஒரு கேள்வி, அதை ஆராய ஓர் அலுவலர், குறிப்பிட்ட காலத்துக்கான பணம் என்பதே சங்கத்தின் நல்கை முறை. ஆய்வகத்தை, ஏற்கெனவே இயங்கிவரும் ஒரு நிறுவனம் தந்தது.

அவ்வாறு 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூருக்கு வந்தார். கில்கிட் பகுதியில் முன்கழுத்துக் கழலையை ஆராய்ந்து பெயர்பெற்ற இராணுவ மருத்துவர் அவர். பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். தீட்டிய அரிசியை உண்பவர்களிடம் அந்நோய் மிகுதியாகக் காணப்பட்டதால், அது சென்னை மாகாணத்துக்கு நேரடியாகப் பொருந்திய ஆய்வாக இருந்தது.

நிறுத்தமும் மீட்சியும்

முதல் உலகப் போருக்குப் பிந்திய நிதி நெருக்கடியில், இஞ்ச்கேப் பிரபு தலைமையிலான சிக்கனக் குழு அரசுச் செலவுகளைக் குறைக்கப் பரிந்துரைத்தது. 1923-இல் குன்னூர் ஆய்வு நின்றுபோனது. 1925-இல் ‘குறைபாட்டு நோய்கள் ஆய்வு’ என்ற பெயரில் அது மீண்டும் உயிர்பெற்றது. இந்தியாவின் பல வட்டார மக்களின் உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை மெக்காரிசன் ஒப்பிட்டது இக்காலத்தில்தான். கோதுமை, பால், பருப்பு, காய்கறி சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. அரிசியே பெரும்பங்கான சென்னை உணவை உண்டவை மெலிந்தன.

லின்லித்கோ தலைமையிலான வேளாண் அரச ஆணையத்தின் முன் மெக்காரிசன் சாட்சியம் அளித்தார். 1928-இல் அவரது பிரிவு ‘ஊட்டச்சத்து ஆய்வகங்கள்’ என உயர்ந்தது. 1935-இல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட் அதற்கு முன் உலக நாடுகள் சங்கத்தில் பணியாற்றியவர். அவர் 1937-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை பல பதிப்புகள் கண்டது. ஆய்வகங்கள் 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தன. 1969 முதல் அவை தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என அழைக்கப்படுகின்றன.

பன்னாட்டுக் கூட்டு

உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பில் குன்னூர் இன்ஃப்ளுயன்சா மையமாகவும் செயல்பட்டது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்த கப்பலின் வழியே ஆசியக் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்தது. 1958 பிப்ரவரி வரை 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. இப்பரவலை ஆவணப்படுத்தியவர் குன்னூர் மையத்தின் ஐ. ஜி. கே. மேனன். அவருடைய கட்டுரை 1959-இல் உலக சுகாதார நிறுவன இதழில் வெளியானது.

அதே காலத்தில், 1956-இல், சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் அதற்குத் தோள்கொடுத்தன. வீட்டிலிருந்தபடி மருந்து உண்டாலும் சானடோரியத்தில் பெறும் பலன் கிடைக்கும் என அதன் ஆய்வு நிறுவியது. ஐசோனியசிட் மருந்தைத் தனியே கொடுப்பதைவிடப் பாஸ் மருந்துடன் சேர்த்துக் கொடுப்பதே நல்லது என்பதையும் காட்டியது. தனி மருந்தில் கிருமி எளிதில் எதிர்ப்புத் திறன் பெற்றுவிடுகிறது. ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய இம்மையம் பின்னர் மன்றத்தின் நிலையான நிறுவனமானது.

எதிர்ப்புத் திறன் ஆய்வுக்கான நிதி

2010 ஆகஸ்டில், கிருமிகளுக்கு மருந்தை எதிர்க்கும் திறன் தரும் என்டிஎம்-1 என்னும் மரபணு பற்றிய கட்டுரை ‘லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ்’ இதழில் வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. இம்மரபணு உள்ள கிருமிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 கண்டறியப்பட்டன. இந்த ஆய்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம், வெல்கம் அறக்கட்டளை, வைத் மருந்து நிறுவனம் ஆகியவை நிதி தந்திருந்தன. மரபணுவுக்குப் புதுதில்லியின் பெயர் சூட்டப்பட்டதும், கட்டுரையில் இருந்த மருத்துவச் சுற்றுலா குறித்த எச்சரிக்கையும் இந்திய அரசின் எதிர்ப்பைக் கிளப்பின. வெளிநாட்டு நிதியும் கேள்விக்குள்ளானது.

2013-இல் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் தன் சொந்த நிதியில் எதிர்ப்புத் திறன் கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் அதன் முதன்மை மையங்களுள் அடங்கும். 2020-இல் இந்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனும் இணைந்து, மருந்து ஆலைக் கழிவு வழியே எதிர்ப்புத் திறன் பரவுவதை ஆராய ஐந்து திட்டங்களுக்கு 80 லட்சம் பவுண்டு ஒதுக்கின.

மதிப்பீடு

திட்ட நல்கை புதிய கேள்விகளை விரைந்து எழுப்ப உதவுகிறது. ஆனால் சத்து அட்டவணை, கிருமிக் கண்காணிப்பு போன்ற வேலைகள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால்தான் பயன்படும். குன்னூரில் உணவாய்வு நிலைபெற்றது, நல்கைத் திட்டம் நிரந்தர ஆய்வகமாக மாறிய பிறகே; சென்னைக் காசநோய் மையத்தின் கதையும் அதுவே. பாஸ்டர் நிறுவனமோ 1977 பிப்ரவரி 10 முதல் நடுவண் சுகாதார அமைச்சகத்தின் கீழ்த் தன்னாட்சி அமைப்பாக இயங்குகிறது. 2008-இல் அதன் தடுப்பூசி உற்பத்தி உரிமம் இடைநிறுத்தப்பட்டு 2010-இல் திரும்பக் கிடைத்தது. தடுப்பூசித் தயாரிப்பே இன்று அதன் முதன்மைப் பணி.