ரயிலடி முதல் விஸ்காம் வரை: திருச்சி வட்டாரத்தில் ஊடகக் கல்வியின் முன்கதை

தொட்டியம், முசிறி போன்ற காவிரிக்கரை ஊர்களிலிருந்து பேருந்தேறித் திருச்சிக்குச் சென்று, ஏட்டில் காட்சித் தொடர்பியல் என்றும் பேச்சில் விஸ்காம் என்றும் வழங்கும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேரும் மாணவர், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றைப் பாடவேளைப்படி கற்கிறார். ஆனால் இக்கலைகள் இவ்வட்டாரத்தில் முதலில் கால்கொண்டது கல்லூரிகளில் அன்று. பாடம் நடத்தும் எண்ணமே இல்லாத இரண்டு நிறுவனங்களில்: ஒன்று ரயில்வே, மற்றொன்று வானொலி.

தென்னிந்திய ரயில்வேயில் வரைபடப் பணியாளராகத் திருச்சியில் இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் அவ்வூருக்குப் படம் காட்ட வந்து உடல்நலம் குன்றிய து பாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம் உள்ளிட்ட சில சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையைத் துறந்து கூடாரத்துடன் ஊர் ஊராகப் புறப்பட்டார். படம் காட்டவோ எடுக்கவோ கற்றுத்தரும் பள்ளி அன்று இங்கே கிடையாது. பின்னாளில் ‘கீசகவதம்’ என்னும் மௌனப்படத்தை எடுத்த நடராஜ முதலியாரும் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரின் உடனிருந்துதான் தொழில் பழகினார். உடனிருந்து பழகுதல் என்பதே அக்காலத்தின் பாடத்திட்டம் எனலாம்.

1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கப்பட்டபின் அந்தப் பழகுதலுக்கு ஒரு கூரை கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் ‘நேதாஜி’ என்ற கையெழுத்து இதழ் நடத்திய இளைஞர் ஒருவர் இந்நிலையத்துக்கு நாடகங்கள் எழுதித்தான் காதுக்கு எழுதும் முறையைப் பழகினார். அவரே பிற்காலத்தில் திரைப்பாடலாசிரியர் வாலி. நிலையத்துக்குள் நிகழ்ந்த கைவேலையோ வெளியில் அதிகம் பேசப்படாதது. ஒலிநாடாக் காலத்தில் பிழையை நீக்க வேண்டுமானால், சுருளைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டி, உறுமலாக நீளும் குரலில் சொல்லின் தொடக்கத்தைத் தேடிப்பிடித்து, மெழுகுப் பென்சிலால் புள்ளியிட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைக்க வேண்டும். நேராக வெட்டினால் இணைப்பில் ‘டக்’கென்று ஓசை எழக்கூடும் என்பதே சாய்வுக்குக் காரணம். வழக்கமான வேகத்தில் ஒரு நொடி ஒலி என்பது 19 சென்டிமீட்டர் நாடா. கண்ணிமைப்பாலும் கைநொடிப்பாலும் இலக்கண நூலார் அளந்த மாத்திரை இங்கே அளவுகோலில் வைத்துப் பார்க்கத்தக்க நீளமாகிவிட்டது. கை சற்றே தவறினால் நெடில் குறிலாகும், சொல்லே மாறும். தமிழ் உச்சரிப்பை இவ்வளவு கறாராகக் கற்பித்த வகுப்பறை வேறு இருந்திருக்குமா என்பது ஐயமே.

அந்த உழைப்பின் பயன் வயல்வரை எட்டியது. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்தைப் பற்றிய செய்தி திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் வழியே காவிரிப் படுகையில் பரவியபோது, உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர்.

முறையான கல்வி சென்னையில்தான் தொடங்கியது. 1945இல் அங்குள்ள மத்திய தொழில்நுட்பப் பயிலகத்தில் ஒளிப்பதிவும் ஒலிப்பொறியியலும் பாடங்களாயின. அதன் வழிவந்ததே தரமணியிலுள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம். ஏட்டுப் படிப்பாளிக்குத் தொழில் தெரியாது என்ற படப்பிடிப்புத் தளத்தின் எண்ணம் தளர நெடுங்காலமாயிற்று. திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்கள் ஒன்றுகூடி எடுத்த ‘ஊமை விழிகள்’ 1986இல் பெற்ற வெற்றிக்குப் பிறகே அது கணிசமாகக் குறைந்தது. 1990ஐ ஒட்டி லயோலா கல்லூரி தொடங்கிய விஸ்காம் படிப்பு பின்னர் திருச்சிக் கல்லூரிகளையும் எட்டியது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் தன் வளாகத்திலிருந்து சமுதாய வானொலியைத் தொடங்கியது; உரிமம் பெற்ற நிறுவனமே குறுகிய பரப்புக்குள் சுற்றுவட்டார மக்களைக் கொண்டு நடத்தும் இவ்வகை ஒலிபரப்பு, மாணவருக்கு நேயரை நேரில் காட்டியது.

இன்று நாடாவும் பிளேடும் இல்லை. கணினித் திரையில் அலைகோடாக ஓடும் குரலை மாணவர் சுட்டியால் வெட்டுகிறார், தவறினால் ஒரு விசையில் மீட்கிறார். மீட்க முடியாதது பதிவு செய்யும் கணம் மட்டுமே. தொட்டியம் மதுரை காளியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் தேர்கள் இழுக்கப்படுவதில்லை, தோளில் சுமக்கப்படுகின்றன. தேர் தோளேறும் நொடியில் எழும் ஆரவாரமும் வேட்டொலியும் ஒலியளவு காட்டும் பட்டையைச் சிவப்புக்குத் தள்ளிவிடும், அங்கே சிதைந்த ஒலியை மென்பொருள் முழுமையாகச் சரிசெய்வதில்லை. அத்திருவிழாவைச் செய்முறைத் தேர்வுக்காகப் படமெடுக்க வரும் மாணவர், ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்த வேட்டு வெடிப்பதற்குள் அளவைக் குறைக்க வேண்டியிருக்கிறது.