12 டிகிரி நீரில் கணவாய்க் கூட்டம்: முக்குளித்துப் படமெடுக்கப் போகிறீர்களா?

தியோமான், சிப்பாடான் என்று வெதுவெதுப்பான கடலிலேயே முக்குளித்துப் பழகியவரா நீங்கள்? அங்கெல்லாம் நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 28 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவின் வயல்லா நகருக்கு அருகே ஜூன் மாதத்தில் அது சுமார் 12 டிகிரிதான்! இருந்தும் ஆண்டுதோறும் கேமராவும் கையுமாக அங்கே போகிறார்கள் முக்குளிப்பாளர்கள்.

அப்படி என்ன இருக்கிறது?

உலகின் ஆகப் பெரிய கணவாய் இனம். நாம் 'சோத்தோங்' என்று சாப்பிடுவதற்குத் தூரத்துச் சொந்தம். மே முதல் ஆகஸ்ட் வரை பல்லாயிரக்கணக்கில் இனப்பெருக்கத்துக்காகக் கரையோரப் பாறைகளுக்கு வருகின்றன. ஆழம் சில மீட்டர்தான்.

பெண்களைவிட ஆண்கள் அதிகம். அதனால் கடும் போட்டி. பெரிய ஆண்கள் உடலில் கோடுகளை ஓடவிட்டு மிரட்டும். சிறிய ஆண்கள் என்ன செய்யும் தெரியுமா? பெண்ணைப் போல நிறம் மாறி, கைகளை மடக்கிக்கொண்டு, காவலுக்கு நிற்கும் பெரிய ஆணைத் தாண்டி நைசாக உள்ளே நுழைந்துவிடும். இத்தனை வண்ணம் காட்டும் கணவாய்க்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பதுதான் வியப்பு.

குளிரை எப்படிச் சமாளிப்பது?

காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊரில் போடும் 3 மில்லிமீட்டர் உடை போதாது.

• 7 மில்லிமீட்டர் வெட்சூட், தலையுறை, கையுறை, காலணி தேவை. உடம்பு நனையாத டிரைசூட் இன்னும் நல்லது. ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

• தடித்த உடை மிதக்கும். கூடுதல் எடை கட்டிக்கொண்டு, முதலில் மிதப்பைச் சரிபாருங்கள்.

• உடம்பு நடுங்க ஆரம்பித்தால் "இன்னும் ஒரே ஒரு படம்" என்று நிற்காதீர்கள். மேலே வந்துவிடுங்கள்.

படம் எடுக்கும்போது?

கையுறையோடு சின்னப் பொத்தான்களை அழுத்துவது கஷ்டம். கேமரா அமைப்புகளைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். வெப்பமான அறையில் கேமரா உறையை மூடினால், உள்ளே அடைபட்ட ஈரம் குளிர்நீரில் கண்ணாடியை மங்கலாக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டுவையுங்கள்.

நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. எனவே கிட்டே போய், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். நேராகப் பாய்ச்சினால் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழும்.

ஏன் இத்தனை கவனம்?

இந்தக் கணவாய்கள் வாழ்நாளில் ஒரே ஒரு பருவம்தான் இனப்பெருக்கம் செய்யும். அது முடிந்ததும் இறந்துவிடும். அந்தப் பருவத்தில் குறுக்கே போய்த் தொந்தரவு கொடுத்தால், அவற்றுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை.

1990-களின் இறுதியில் அங்கே கணவாய்கள் பேரளவில் பிடிக்கப்பட்டன. 1999-இல் சுமார் 180,000 என்று மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை 2013-இல் சுமார் 13,500 ஆகச் சரிந்தது. பிறகு பாதுகாப்பு வலுப்பட்டது, எண்ணிக்கையும் மீண்டது. 2023-இல் அந்த இடம் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் 2025-இல் தெற்கு ஆஸ்திரேலியக் கடலில் பரவிய நச்சுப் பாசி மறுபடியும் கவலையைக் கிளப்பியது.

போகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

பாறைகளைப் புரட்டாதீர்கள், வெள்ளை முட்டைகள் அவற்றின் அடிப்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். கணவாயைத் தொடாதீர்கள், துரத்தாதீர்கள். ஜோடிக்கு நடுவே நுழையாதீர்கள். அசையாமல் காத்திருந்தால் அவை உங்களைக் கண்டுகொள்ளாமல் தம் வேலையைப் பார்க்கும். நல்ல படம் அப்போதுதான் கிடைக்கும்.