மேளத்துக்கு அனுமதிச் சீட்டு

பினாங்கின் ஒலிக் கட்டுப்பாட்டு வரலாறு டெசிபலில் தொடங்கவில்லை. போலீஸ் அனுமதிச் சீட்டில் தொடங்கியது. கல்கத்தா, சென்னை, பம்பாயோடு பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் சேர்த்து இயற்றப்பட்ட 1856-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம், ஊர்வலத்தையும் வாத்தியத்தையும் அதிகாரியின் கையில் கொடுத்தது. எவ்வளவு சத்தம் என்று எவரும் அளக்கவில்லை. அளக்கக் கருவியும் அன்று கிடையாது. யார், எந்தத் தெருவில், எத்தனை மணிவரை கொட்டலாம் என்பதுதான் கேள்வி. 1857 பிப்ரவரியில் சிங்கப்பூர் தெலோக் ஆயர் மசூதியருகே விழாவுக்குக் கூடிய தமிழ் முஸ்லிம்கள் மீது போலீஸ் சுட்டதில் இருவர் மாண்டார்கள். மார்ச்சில் பினாங்கிலும் கலகம் மூண்டது. தேவாலயம், குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் மசூதி எல்லாம் சில நிமிட நடைக்குள் இருக்கும் ஜார்ஜ் டவுனில், அதிகாரியின் மனம்போல அனுமதி தருவது ஒருவர் பக்கம் சாய்வதாகவே தோன்றும்.

அந்தப் பழக்கம் இன்னும் முழுதாக விடவில்லை. வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்கும் பாரம்பரிய வட்டாரத்தில், பதிவுசெய்த குருவிக் குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்ட பறவைக்கூட்டுப் பண்ணைகளை 2013 இறுதிக்குள் காலிசெய்யக் கெடு விதித்தார்கள். சத்தம் மட்டுமே காரணமல்ல. ஆனாலும் தீர்ந்தது தொழிலை வெளியேற்றியதால்தான், ஒலியை அளந்ததால் அல்ல. அளவுகோல் இல்லாமலும் இல்லை. சுற்றுச்சூழல் துறையின் 2007 வழிகாட்டி, நெருக்கமான நகர்க் குடியிருப்புக்குப் பகலில் 60 டெசிபல், இரவு 10 முதல் காலை 7 வரை 50 என்றது. வழிகாட்டி என்பதால் அதுவே தண்டனைச் சட்டமாகிவிடாது. மாநகர் மன்றம் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் தொல்லைப் பிரிவையோ உரிமத்தையோ நம்ப வேண்டியிருக்கிறது.

எண்ணைச் சட்டமாக்கினால் கோயில் மேளமும் மதுக்கடை ஒலிபெருக்கியும் ஒன்றாகிவிடுமே என்ற அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. கணக்கோ வேறு சொல்கிறது. ஒரு வீட்டு வாசலைக் கடக்கும் ஊர்வலத் தவில் பத்து நிமிடம் 80 டெசிபலில் முழங்கினாலும், 15 மணி நேரப் பகலின் ஆற்றல் சராசரியில் அது மட்டும் சுமார் 60-தான். இரவு பத்திலிருந்து இரண்டுவரை 60-இல் ஓடும் பாட்டு, இரவுச் சராசரியை 56-க்கு மேல் தூக்கிவிடும். தூக்கத்தைக் கெடுப்பது எது என்று கருவி சரியாகவே காட்டுகிறது. சராசரிக்குள் திடீர் வெடிச்சத்தம் ஒளிந்துகொள்ளும் என்பது உண்மை. அதற்கு இரவில் தனி உச்சவரம்பு வேண்டும். எல்லாச் சமயத்தாரின் விழா நாள்களையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்து விலக்களிக்கலாம். மற்ற இரவுகளில் குடியிருப்பவரின் சன்னலருகே அளந்த 50 டெசிபல்தான் எல்லை என்பது, மீறினால் அபராதம் என்ற வரியோடு துணைச் சட்டத்தில் ஏற வேண்டும்.