இருப்பது வேறு, காரணமாவது வேறு: நோய் மலிந்த நிலத்தில் மஞ்சள் காமாலையைப் பகுத்தறிதல்

1955 இறுதியில் தில்லியின் குடிநீரில் சாக்கடை கலந்தது. அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. நீர்வழிக் காமாலை என்றாலே ஹெபடைடிஸ் ஏ என்ற எண்ணம் வேரூன்றியிருந்ததால், இதுவும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்தது. 1980-இல் சேமிப்பிலிருந்த குருதிநீரை ஆராய்ந்தபோது, ஏ வைரஸின் புதுத் தொற்றுக்கு அதில் சான்றில்லை. பின்னாளில் ஹெபடைடிஸ் ஈ எனப் பெயர் பெற்றதே உண்மைக் காரணம். மலிந்த நோய் கண்ணை மறைக்கும் என்பதற்கு இது முதல் பாடம்.

இன்று சோதனைகள் கைவசம் இருந்தும் அதே தவறு வேறு வடிவில் தொடர்கிறது. ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு மூவர் ஹெபடைடிஸ் பி வைரஸை நெடுநாளாகச் சுமப்பதாகக் கொள்வோம். அங்கே ஈ வைரஸால் காமாலை கண்ட ஆயிரம் பேரில் சுமார் முப்பது பேருக்கு பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் 'பாசிட்டிவ்' என்றே வரும். அதைக் கண்டதும் தேடலை நிறுத்தினால், முப்பது பேருக்கும் தவறான நோய்ப்பெயர்தான் மிஞ்சும். பி வைரஸின் உட்கருவுக்கு எதிரான ஐஜிஎம் (புதுத் தொற்றில் முதலில் தோன்றும் எதிர்ப்பொருள்) சோதனை இங்கே துணை நிற்கும். ஆயினும் நாட்பட்ட பி தொற்று திடீரெனச் சீறும்போதும் அது மெலிதாகத் தென்படலாம். எனவே ஏ, ஈ வைரஸ்களுக்கான ஐஜிஎம் சோதனைகளையும் உடன் செய்வதே முறை.

'நெகட்டிவ்' முடிவையும் அப்படியே நம்ப இயலாது. ஹெபடைடிஸ் சி-க்கான எதிர்ப்பொருள் தோன்ற இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். வைரஸின் ஆர்என்ஏ ஓரிரு வாரங்களிலேயே தென்படும். காமாலை எல்லாம் ஹெபடைடிஸும் அன்று. எலிக்காய்ச்சலில் காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிரூபின் மிக உயர்ந்தாலும் கல்லீரல் நொதிகள் பெரும்பாலும் மிதமாகவே ஏறும். கடும் வைரஸ் அழற்சியிலோ அவை ஆயிரத்தைத் தாண்டுவது வழக்கம். காசநோய் மாத்திரைகளும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால், நோயாளி உட்கொண்ட மருந்துகளை விசாரிப்பதும் நோயறிதலின் பகுதியே.

பெரும்பாலோர் ஓய்விலேயே தேறிவிடும்போது வைரஸின் பெயர் எதற்கு என்று கேட்கலாம். ஈ வைரஸ் கருவுற்றவர்களுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், உயிருக்கே உலை வைக்கும். ஈ என்றால் குடிநீர்க் குழாயைச் சோதிக்க வேண்டும். பி என்றால் வீட்டாருக்குத் தடுப்பூசி போட வேண்டும். சி நாட்பட்டுப் போனாலும் மாத்திரைகளால் குணமாகும். எலிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் உண்டு. பெயர் மாறினால் செய்யவேண்டியதும் மாறுகிறது.

இதனால் தற்செயலாகத் தென்பட்ட பி வைரஸை ஒதுக்கிவிடலாம் என்பதில்லை. ஏற்கெனவே நலிந்த கல்லீரலில் ஈ வைரஸும் சேர்ந்தால் அது செயலிழக்கக்கூடும். ஆகவே நோயறிக்கையில் இரண்டு வரிகள் வேண்டும்: இப்போதைய காமாலைக்குக் காரணம் எது, முன்பே குடியிருந்தது எது. இரண்டையும் ஒரே வரியில் அடைக்கும் வரை தில்லியின் பிழை சிறு அளவில் நாள்தோறும் நிகழ்ந்துகொண்டே இருக்கும்.