கொற்கை

தூத்துக்குடி மாவட்டத்தில், ஏரலுக்கு அருகே, தாமிரபரணிக்கு வடபுறம் உள்ள சிற்றூர். முற்காலப் பாண்டியரின் துறைமுகமும் முத்துக்குப் பேர்பெற்ற இடமும் இதுவே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. கடற்கரை இன்று ஊருக்குக் கிழக்கே ஏறத்தாழ 6 கி.மீ. தள்ளி இருக்கிறது. புதிதாக வருபவர் கண்ணில் படுவது வயலும் வாழையும் பனையும் பெரிய குளமும்தான். துறைமுகத்தின் சாயலே கிடையாது.

நிலம்: தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் இங்குள்ள மண். கழிமுகம் ஆண்டுக்காண்டு தூர்ந்துபோகக் கடல் பின்வாங்கியது. கிணறு தோண்டும்போது சங்கும் சிப்பியும் வெளிப்படுவது பழைய கரையோரத்துக்குச் சான்றாகக் காட்டப்படும். கப்பல்கள் ஊரடிக்கே வந்தனவா, ஆற்றுமுகத்தில் நின்று தோணியில் சரக்கு மாற்றினவா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை.

பெயர்: மொழியறிஞரான கால்டுவெல் பாதிரியார் இதைக் 'கொல் + கை' என்று பிரித்து, படை அல்லது பாசறை எனப் பொருள் கண்டார். எல்லோரும் இதை ஏற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. கிரேக்கர்கள் எழுதிய 'கொல்கோய்' இவ்வூரே என்பதில் பெரிய மறுப்பு எழவில்லை.

சங்க காலம்: கொற்கையைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி இக்காலத்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடல் பயணநூல்', பாண்டிய அரசுக்கு உட்பட்ட கொல்கோயில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாகக் கூறுகிறது. தமிழ்ப் பாடல்களில் குற்றவாளிகள் வருவதில்லை. அங்கே கடலில் இறங்குகிறவர்கள் பரதவர். அகநானூறு 350ஆம் பாட்டில் அவர்கள் மூழ்கி வலம்புரிச் சங்கு எடுக்கிறார்கள். 296இல், மீன்பிடிப்பவர்கள் வாரிவந்த முத்துச்சிப்பியைக் கொடுத்துக் கள் வாங்கிக் குடிக்கிறார்கள். 130ஆம் பாட்டிலோ மணலில் சிதறிய முத்து குதிரைகளின் காலை உறுத்துகிறது. புலவர் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் கள்ளுக்குச் சிப்பி என்ற பண்டமாற்று வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை.

இவற்றினும் அரிய காட்சி ஒன்று நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் உண்டு. உப்பு விற்கும் உமணரின் வண்டிகளோடு ஒரு மந்தியும் வருகிறது. வீட்டுப் பிள்ளைபோலவே வளர்ந்தது அது. கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு மூடி, உமணர் குழந்தைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டுகிறது. புலவர் கொற்கைக் கோமானைச் சொல்ல வந்தவர். படிப்பவர் மனத்தில் நிற்பது குரங்குதான்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் தாலமி கொல்கோயை வணிகத் துறையாகக் குறித்ததுடன், மன்னார் வளைகுடாவையே இவ்வூர்ப் பெயரால் அழைத்தார். சிலப்பதிகாரத்தில், கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டதாக வருகிறது. ஊரிலுள்ள வெற்றிவேல் அம்மன் கோயிலை இதனோடு சேர்த்துச் சொல்வது உள்ளூர் வழக்கு. சேர, சோழ, பாண்டியர் மூவரும் உடன்பிறந்தோர், கொற்கையில் ஒன்றாக வாழ்ந்து பின்னர் பிரிந்தோர் என்ற கதையும் உண்டு. கால்டுவெல் அதைப் பதிவுசெய்திருக்கிறார். வரலாறாகக் கொள்ள ஆதாரம் இல்லை.

இடைக்காலம்: அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் இக்காலத்தின் முதன்மைச் சின்னம். அக்கசாலை என்பது காசு அடிக்கும் இடத்தையும் பொற்பணிக் கூடத்தையும் குறிக்கும். பாண்டியர் நாணயச்சாலை இங்கே இருந்திருக்கலாம் என்ற ஊகம் இப்பெயரால் எழுந்தது. கடல் பின்வாங்கியதால் இதற்குள் துறைமுகம் அருகிலிருந்த காயலுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்ததும் காயலைத்தான். பிறகு காயலும் தூர்ந்து பழையகாயல் ஆயிற்று. அடுத்த ஐந்தாறு நூற்றாண்டுகளில் கொற்கை வேளாண் சிற்றூர்.

ஆய்வுகள்: கால்டுவெல் 1838இலேயே இங்கு அகழ்ந்ததாகச் சில நூல்கள் எழுதுகின்றன. அது அவர் சென்னையில் வந்திறங்கிய ஆண்டு. திருநெல்வேலிச் சீமையில் குடியேறியது 1841இல். கொற்கை, காயல் ஆய்வுபற்றிய அவரது கட்டுரை 1877இல் 'இந்தியன் ஆன்டிகுவாரி' இதழில் வெளிவந்தது. தமிழகத் தொல்லியல் துறை 1968-69இல் நடத்திய அகழாய்வில் செங்கற் கட்டடப் பகுதி, உறைகிணறு, கறுப்பு-சிவப்புப் பானையோடுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், சங்குகள் கிடைத்தன. மரக்கரி ஒன்றின் கரிமக் கணிப்பு கி.மு. 785ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது. துறைமுகத்தின் தொன்மைக்கு இந்த எண்ணையே பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரே மாதிரியைக் கொண்டு ஊரின் வயதை அறுதியிடலாகாது என்பாரும் உண்டு.

2021இல் மாநிலத் தொல்லியல் துறை மீண்டும் அகழாய்வு செய்தது. சுடுமண் குழாய், செங்கற் கட்டுமானம், சங்கு அறுப்பின் எச்சங்கள் வெளிவந்தன. கடலடி ஆய்வும் அவ்வாண்டில் அறிவிக்கப்பட்டது.

வன்னிமரம்: ஊரில் பழைய வன்னிமரம் ஒன்று உள்ளது. அதற்கு வயது 2000 என்பது ஊரார் கணக்கு. அடியில் பிள்ளையார் கோயில்.

ஜோ டி குரூஸ் எழுதி 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கொற்கை' (2009) நாவல் இவ்வூரின் பெயரைத் தாங்கியது. கதை நடப்பது தூத்துக்குடியில்.